மீன் தொட்டிக்குள் முப்பரிமாணப் பாறைப் பின்னணி: முழுவதும் ஒட்டுவதா, இடைவெளி விடுவதா?

கரைநாணல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் உள்ளளவு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். பின்பக்கக் கண்ணாடியின் வெளியே ஒட்டியிருந்த படத்தாளை எடுத்துவிட்டு, தொட்டியின் உட்புறத்திலேயே பாறைச் சுவர் போன்ற முப்பரிமாணப் பின்னணி ஒன்றைப் பொருத்த விரும்புகிறேன். பாலியூரித்தேன் நுரையில் வார்த்து மேலே எபாக்சி பூசப்பட்ட ஆயத்தப் பலகைகள் கிடைக்கின்றன. தெர்மாகோலைச் செதுக்கிச் சிமெண்ட் பூசி நாமே செய்துகொள்ளும் முறையையும் பலர் விவரிக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் என்னுடைய முக்கியமான ஐயம் அதைப் பொருத்தும் முறையைப் பற்றியது.

சிலர் பலகையின் பின்புறம் முழுவதும் சிலிகான் தடவிக் கண்ணாடியோடு ஒட்டிவிடச் சொல்கிறார்கள். சிலர் பின்னால் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதற்குள் பம்பையும் ஹீட்டரையும் மறைத்துவைக்கலாம் என்கிறார்கள். இன்னும் சிலரோ நான்கு மூலைகளில் சிறிதளவு பசை வைத்தாலே போதும், பின்னாளில் எளிதாகக் கழற்றலாம் என்கிறார்கள். இவற்றில் எது நீண்ட நாள் நிலைக்கும்? தொட்டியின் மேல் விளிம்பில் உள்ள கண்ணாடிப் பட்டிகள் வாயைக் குறுக்குவதால் முழுப் பலகையாக உள்ளே இறக்க முடியாது என்பதையும், தொட்டி இப்போது மீன்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடிமணல்:

நண்பரே, முதலில் முடிவு செய்ய வேண்டியது இடைவெளியைப் பற்றித்தான். மற்றவை எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே அமையும். பலகைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் தாராளமாக ஓடலாம், அல்லது தண்ணீரே புகாதபடி அடைத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில், மெல்ல உள்ளே கசிந்து வெளியேற வழியில்லாமல் தேங்கும் தண்ணீர்தான் ஆபத்தானது. நீங்கள் சொல்லும் நான்கு மூலைப் பசை முறை துல்லியமாக அந்த நடுநிலையைத்தான் உண்டாக்குகிறது என்பதால் அதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

அப்படித் தேங்கும் இடத்தில் மீன் கழிவும் எஞ்சிய உணவுத் துகள்களும் படிகின்றன. அங்கே ஓட்டம் இல்லாததால் ஆக்சிஜன் தீர்ந்துபோய், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். பென்சில் பருமனுள்ள இடுக்கு இருந்தால் போதும், டெட்ரா போன்ற சிறிய மீன்களும் இறால்களும் குஞ்சுகளும் அதற்குள் புகுந்துவிடும். திரும்பி வரும் வழியை அவை கண்டுபிடிப்பதில்லை. உள்ளே இறந்த மீன் நம் கண்ணுக்குத் தெரியாமலே அழுகும். அம்மோனியா சோதனையில் அளவு ஏறிக்கொண்டே போகும், காரணம் மட்டும் புலப்படாது.

பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொரு விளைவும் உண்டு. தண்ணீர் மாற்றும்போது முன்பக்க நீர்மட்டம் விரைவாக இறங்கும். பின்னால் சிக்கிய தண்ணீரோ குறுகிய இடுக்குகள் வழியே மெதுவாகத்தான் வெளியேறும். பின்னால் 10 செ.மீ. மட்டும் அதிகமாக நின்றாலும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் பலகையை முன்னோக்கித் தள்ளும். உங்கள் தொட்டியின் நீளத்துக்கு அதைக் கூட்டிப் பார்த்தால் 40 கிலோவுக்கும் மேலான விசை வருகிறது. மூலையில் வைத்த பசைப் பொட்டுகள் அதைத் தாங்காது.

நான் பரிந்துரைப்பது ஓட்டமுள்ள இடைவெளியைத்தான். பலகையின் ஒரு முனையில் அடிமணலுக்குச் சற்று மேலே ஒரு வாய், நீர்மட்டத்தை ஒட்டி இன்னொரு வாய் என இரண்டு திறப்புகளை வெட்டி, மீன் நுழையாதபடி பிளாஸ்டிக் வலையால் மூடுங்கள். மறுமுனையில் பின்னறைக்குள் பம்பை வைத்து அதன் குழாயை முன்பக்கம் திருப்பிவிட்டால், தண்ணீர் பலகையின் பின்னால் முழு நீளமும் ஓடியே பம்பை அடையும். மேலே உள்ள வாய் நீரின் மேற்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். வலையில் இலைகள் சிக்கி வாய் அடைபட்டால், பம்பு பின்னறைத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் புதிய தண்ணீர் அதே வேகத்தில் உள்ளே வராது. பின்னறையின் மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்துவிட்டால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஆகவே வாய்கள் பம்பின் வேகத்துக்குத் தேவையானதைவிடப் பெரியவையாக இருக்கட்டும். ஹீட்டரைப் படுக்கைவசத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, நுரைப் பலகையைத் தொடாதபடி பொருத்துங்கள்.

கூழாங்கல்:

அடிமணல் அவர்கள் தேங்கும் நீரைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்தத் தொட்டிக்கு இடைவெளி முறை பொருந்தும் என்று நான் கருதவில்லை. தொட்டியின் அகலமே 45 செ.மீ.தான். பம்பும் ஹீட்டரும் கை நுழையும் அளவுக்கு இருக்க வேண்டுமென்றால் 8 செ.மீ. ஆவது விட வேண்டும். பாறையின் புடைப்புகள் சில இடங்களில் 10 செ.மீ. வரை வரும். மீன்கள் திரும்பி நீந்துவதற்கு 30 செ.மீ.க்கும் குறைவான இடமே எஞ்சும். அழகுக்காக மீனின் இடத்தை அவ்வளவு குறைப்பதை என் மனம் ஒப்பவில்லை. முழுவதும் ஒட்டி, ஓரங்களை அடைத்துவிடுவதே இங்கே சரியான வழி.

ஒட்டுவதற்கு முன் மிதப்பு விசையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னணிகள் பெயர்ந்து வருவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. உயரமும் சராசரியாக 5 செ.மீ. தடிமனும் உள்ள பலகையின் கன அளவு 30 லிட்டர். அந்த அளவு தெர்மாகோலின் எடை ஒரு கிலோகூட வராது. அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடையோ 30 கிலோ. அதாவது, பலகையின் அடியில் தண்ணீர் புகுந்துவிட்டால் கிட்டத்தட்ட 29 கிலோ விசை அதை இரவும் பகலும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அடியில் கல் வைத்து அமுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாறைக் கல் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும் என்பதால் 50 கிலோ கல் தேவைப்படும். ஒருநாள் பலகை நழுவினால் அந்தக் கற்கள் கண்ணாடியின் மீதே சரியும்.

பசை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். புளித்த காடி வாடை வீசும், வேறு எதுவும் கலவாத 100 சதவீத சிலிகானையே வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கப்படுபவற்றில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு நஞ்சு. கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். ஈரத்தின் மீதும், ஏற்கெனவே இறுகிய பழைய சிலிகான் மீதும் புதிய சிலிகான் சரியாகப் பிடிக்காது. ஆகையால் தொட்டியின் மூலை இணைப்புகளை நம்பாமல் வெறும் கண்ணாடிப் பரப்பிலேயே பிடிப்பு கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். (அக்ரிலிக் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம், அக்ரிலிக்கில் சிலிகானின் பிடி மிகப் பலவீனமானது.)

சிலிகான் காற்றிலுள்ள ஈரப்பதத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது, அதுவும் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி. கண்ணாடியும் நுரைப் பலகையும் காற்றை விடாதவை என்பதால், பலகை முழுவதும் அப்பி ஒட்டினால் நடுவில் உள்ள பசை வாரக்கணக்கில் கூழாகவே கிடக்கும். எனவே பலகையின் பின்புறத்தில் மேலிருந்து கீழாக, கைவிரல் தடிமனில், 5 அல்லது 6 செ.மீ. இடைவெளிகளில் கோடுகளாகப் பசையை இடுங்கள். வெறும் தொட்டியை இருவர் சேர்ந்து தூக்கி, மெத்தென்ற சமதளத்தில் பின்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவைத்து, பலகையை இறக்கி, மேலே புத்தகக் கட்டுகளைப் பரவலாக வைத்துவிடலாம். ஓரங்களை அன்றே அடைக்காதீர்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் காற்று புகுந்து பசையை இறுக்க இரண்டு மூன்று நாட்கள் கொடுங்கள். அதற்குப் பிறகு நான்கு ஓரங்களிலும் இடைவிடாத கோடாகப் பசை இட்டு அடையுங்கள். மேல் ஓரத்தை மட்டும் அடைக்காமல் விடுவோரும் உண்டு. நீர்மட்டம் எப்போதாவது அதைத் தாண்டினால் தண்ணீர் பின்னால் இறங்கி, அடிமணல் அவர்கள் சொன்ன அதே தேக்கம் உண்டாகிவிடும்.

அடுத்து ஒரு வாரம் காத்திருந்து, காடி வாடை அறவே அடங்கிய பின் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மேல் விளிம்பில் உங்களுக்கு இருக்கும் கண்ணாடிப் பட்டியை நீங்கள் இடையூறாகக் கருதுகிறீர்கள். நான் அதைப் பெரிய துணையாகவே பார்க்கிறேன். பலகையின் மேல் விளிம்பு அந்தப் பட்டியின் அடியில் இறுக்கமாக முட்டி நிற்கும்படி அளவெடுத்தால், பசை தளர்ந்தாலும் பலகை மேலே எழும்ப முடியாது.

உள்ளே இறக்குவதற்காகப் பலகையை இரண்டாக வெட்ட வேண்டியிருக்கும். நேர்கோட்டில் வெட்டினால் அந்தக் கோடு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கண்ணை உறுத்தும். பாறையில் செதுக்கியுள்ள வெடிப்பு ஒன்றைப் பின்தொடர்ந்து வளைந்து வளைந்து வெட்டுங்கள். இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு எஞ்சும் இடுக்கில் கறுப்புச் சிலிகானை நிரப்பி, அது மேலே ஆடை கட்டுவதற்குள், அதாவது 10 நிமிடங்களுக்குள், உலர்ந்த மணலைத் தூவி விரலால் அழுத்திவிட்டால் இணைப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

கரைநாணல்:

இருவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் பில்டர் இருப்பதால் பின்னறை தேவைப்படாது. முழுவதும் ஒட்டுவதையே தேர்ந்தெடுக்கிறேன். தொட்டியில் ஏஞ்சல் மீன்களும் டெட்ராக்களும் ஒரு சக்கர் மீனும் இருக்கின்றன. தண்ணீர் மென்னீர், பிஹெச் 6.8 அளவில் இருக்கும். தெர்மாகோலைச் செதுக்கிச் சிமெண்ட் பூசி நானே செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இந்த மீன்களுக்கு அது ஏற்குமா? பொருத்தும் நாட்களில் மீன்களையும் பில்டரையும் என்ன செய்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாசிப்படலம்:

சிமெண்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் வகைகளை வளர்ப்பவர்கள் சிமெண்ட் பூசிய பின்னணியை அதிகமாக விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஏரியின் தண்ணீரே 7.8 முதல் 8.6 வரை பிஹெச் உள்ள காரத்தன்மை கொண்டது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு சற்றுக் கரைந்தாலும் அம்மீன்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். உங்களுடையது அதற்கு நேர் எதிரான நிலை. மென்னீரில் பிஹெச் மாற்றத்தைத் தாங்கி நிற்கும் கார்பனேட்டுகள் குறைவாக இருப்பதால், சிறிதளவு சுண்ணாம்பு கரைந்தாலே பிஹெச் தாவி ஏறிவிடும். பிஹெச் ஏறும்போது, தண்ணீரில் அம்மோனியமாக இருந்த தீங்கு குறைந்த பங்கு, நச்சுத்தன்மை மிகுந்த அம்மோனியாவாக மாறுகிறது. அதனால் ஒரே சமயத்தில் இரண்டு அடிகள் மீனுக்கு விழும்.

இருந்தாலும் சிமெண்டைக் கைவிட வேண்டியதில்லை. அதை வடிவத்துக்கும் உறுதிக்கும் பயன்படுத்தி, மேலே எபாக்சியால் மூடிவிடுங்கள். முதல் பூச்சு பெயிண்ட் போல ஓடும் பதத்தில் இருந்தால்தான் தெர்மாகோலின் மணிகளுக்கு இடையே புகுந்து பிடிக்கும். அடுத்தடுத்த பூச்சுகளைக் கெட்டியாக்கிக்கொண்டே போய், மொத்தம் நான்கு பூச்சாவது கொடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு வெயிலில் காயவைக்காமல் ஈரத்துணி போர்த்தியோ தண்ணீர் தெளித்தோ ஈரமாகவே வைத்திருங்கள், ஏனெனில் சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அவசரமாகக் காய்ந்த பூச்சு மயிரிழை வெடிப்புகள் விட்டு உதிரும். நன்றாக இறுகி, பிறகு முற்றிலும் காய்ந்த பின், கரைப்பான் கலவாத, குடிநீர்த் தொட்டிகளுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட எபாக்சியை இரண்டு கை பூசுங்கள். இரண்டாம் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே மெல்லிய மணலைத் தூவினால் பளபளப்பு மறைந்து உண்மையான பாறையின் சொரசொரப்பு வரும்.

எபாக்சி பூச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சக்கர் மீனும் ஒரு காரணம். அது பாசியை மேயும்போது பரப்பையும் சேர்த்துச் சுரண்டும். சிமெண்ட் மெல்லியதாக இருக்கும் ஒரு முனையில் தெர்மாகோல் வெளிப்பட்டுவிட்டால், அதன் வெண்மணிகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து நீர்ப்பரப்பில் மிதக்கும். உணவென்று எண்ணி ஏஞ்சல்கள் அவற்றை விழுங்கிவிடும். செதுக்கும்போது குகைகள் அமைத்தால் அவற்றுக்கு இரண்டு வாய்கள் இருக்கட்டும், அல்லது மீன் எளிதாகத் திரும்பும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். சக்கர் மீன் மிரண்டால் தன் துடுப்பு முட்களை விரித்துப் பூட்டிக்கொள்ளும். முட்டுச்சந்தான ஒரு குறுகிய துளைக்குள் அப்படிச் சிக்கினால் வெளியே எடுப்பதற்குப் பலகையையே அறுக்க வேண்டிவரும்.

நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு சாயங்களான சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு ஆகியவற்றைச் சிமெண்டிலேயே கலந்துவிடுங்கள். செம்பு கலந்த நீலப் பச்சைச் சாயங்களைத் தொடவே வேண்டாம், அவை இறாலுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சு. நிறத்தில் அளவுக்கு மீறி உழைக்காதீர்கள் என்பது என் கருத்து. சில மாதங்களில் எல்லாப் பரப்பின் மீதும் பாசி படர்ந்து ஒரே பசும்பழுப்பு நிறமாகிவிடும். அப்போதும் மாறாமல் நிற்பது வெளிச்சமும் நிழலும்தான். விளக்கு மேலிருந்து விழுவதால், பாறை விளிம்பு 4 செ.மீ. முன்னால் நீண்டிருந்தாலே அதன் கீழே அடர்ந்த நிழல் கிடைக்கும். ஆழமில்லாமல் கீறிய பலகையில் எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டினாலும் அது தட்டையாகவே தெரியும். அந்த விளிம்புகளின் மேல் சிறு பள்ளங்கள் விட்டால் அனுபியாஸ், ஜாவா பெர்ன் போன்ற செடிகளை அங்கே நூலால் கட்டி வளர்க்கலாம்.

பலகையைப் பூசும் அதே நாளில், அதே கலவையை ஒரு சிறு தெர்மாகோல் துண்டிலும் அதே எண்ணிக்கையில் பூசி வையுங்கள். எல்லாம் முடிந்த பின் உங்கள் தொட்டித் தண்ணீரை இரண்டு வாளிகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் அந்தத் துண்டை அமிழ்த்தி, 48 மணி நேரம் கழித்து இரண்டின் பிஹெச் அளவையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் எபாக்சியில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். பலகையை ஒட்டுவதற்கு முன்பே இன்னொரு பூச்சு கொடுத்துவிடலாம்.

அடிமணல்:

பின்னறை தேவையில்லை என்றால் கூழாங்கல் அவர்கள் சொன்ன முறையே உங்களுக்கு ஏற்றது. மீன்களைப் பற்றிக் கேட்டீர்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே ஒட்ட வழியே இல்லை. முழுவதும் காலி செய்து உலர்த்தியாக வேண்டும். எல்லா வேலைகளையும் சேர்த்தால் இரண்டு வாரம் ஆகும் என்பதால், வாளியில் வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாமல், பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் பழைய தண்ணீரையே நிரப்பி மீன்களை மாற்றி, மேலே வலை போட்டு மூடுங்கள்.

கேனிஸ்டர் பில்டரை அந்தத் தற்காலிகத் தொட்டியில் உடனே ஓடவிடுங்கள். அதனுள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மூடிய கேனிஸ்டரை நிறுத்தி வைத்தால் சில மணி நேரத்திலேயே உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து அவை மடியத் தொடங்கும். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது, குளோரின் மிச்சத்தையும் கொன்றுவிடும். அந்த நாட்களில் உணவைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியாவை அடிக்கடி சோதித்து வாருங்கள். சிலிகான் இறுகும் அறையில் மீன் தொட்டி இருக்க வேண்டாம். ஏர் பம்பு அந்த ஆவியை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்திவிடும்.

கடைசியாக, உங்கள் தொட்டி இனி 270 லிட்டர் தொட்டி அல்ல. மேலே 3 செ.மீ. காலியாக விட்டால் 16 லிட்டரும், பலகையால் சுமார் 28 லிட்டரும், 5 செ.மீ. மணலால் ஏறக்குறைய 14 லிட்டரும் குறையும். எஞ்சுவது 210 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். நோய் வந்தபோது பழைய கணக்கிலேயே மருந்து ஊற்றினால் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாகப் போய்விடும், டெட்ராக்கள் அதைத் தாங்காது. பலகையும் மணலும் வைத்த பிறகு முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பும்போது அளவு தெரிந்த வாளியால் எண்ணி ஊற்றி, மொத்த லிட்டரைத் தொட்டி மூடியின் உட்புறத்தில் எழுதிவைத்துவிடுங்கள்.